நிலவளவு அகலத்தில் எரிநட்சத்திரம் உண்டா?

கேள்வி: கடந்த நவம்பர் நடுப்பகுதியில், விடியற்காலை நான்கு மணியளவில், எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலுள்ள மேட்டில் நின்றபோது, முழுநிலவின் அகலமுள்ள மங்கிய ஒளித்திட்டு ஒன்று, தலையோ வாலோ இன்றி, விரைந்து சென்று மறைந்தது. சுற்றியிருந்த நட்சத்திரங்கள் தெளிவாகவே தெரிந்தன. அது எரிநட்சத்திரமா?
– வாசகர் ஒருவர், அப்புத்தளை

பதில்: அப்படிப்பட்ட எரிநட்சத்திரங்கள் உண்டு, நீங்கள் கண்டது அதுதான் என்று சொல்லத்தான் தயங்குகிறேன்.

வழக்கமான எரிநட்சத்திரம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் ஒளிர்கிறது. அங்கே ஒரு காற்று மூலக்கூறு இன்னொன்றில் மோதுமுன் செல்லும் தூரம் பத்துச் சென்ரிமீற்றர் அளவே என்பதால், கல்லிலிருந்து ஆவியாகும் பொருள் அதன் அருகிலேயே ஒளிவிட்டு, நமக்கு மெல்லிய கோடாகத் தெரிகிறது. 1998 நவம்பரில் சீனாவிலிருந்து லியோனிட் எரிகற்களை (ஆண்டுதோறும் நவம்பர் நடுப்பகுதியில், சிம்மராசியின் திசையிலிருந்து வருவதுபோலத் தெரிபவை) பதிவுசெய்த நெதர்லாந்து, செக் அவதானிப்பாளர்களோ, மிகப் பிரகாசமான சில எரிகற்கள் 200 கிலோமீற்றரை அண்மித்த உயரத்திலேயே தோன்றி, சுமார் 130 கிலோமீற்றருக்கு இறங்கும்வரை வால்வெள்ளி போலப் பரந்து தெரிந்ததைக் கண்டனர். அவ்வளவு உயரத்தில் கல் ஆவியாகுமளவுக்குச் சூடேறுவதில்லை. செக்கனுக்கு 71 கிலோமீற்றர் வேகத்தில் வரும் அதன் மேற்பரப்பில் மோதும் காற்றுத் துணிக்கைகள் அணுக்களைப் பெயர்த்தெறிகின்றன. காற்று மிக ஐதாக இருப்பதால் அவ்வணுக்கள் வெகுதூரம் பாய்ந்த பின்னரே மோதி ஒளிர்கின்றன என்பதே பலரும் முன்வைக்கும் விளக்கம். 150 கிலோமீற்றர் தொலைவில் நிலவளவு அகலம் என்றால், திட்டின் உண்மையான அகலம் ஏறத்தாழ 1.4 கிலோமீற்றர்.

ஆனால் அந்தப் பரந்த ஒளி தொடக்கக் கட்டம் மட்டுமே; கல் கீழே வர வர அது கூர்மையான, மிகப் பிரகாசமான கோடாக மாறிவிடும். உங்கள் திட்டு அப்படி மாறியதாக நீங்கள் எழுதவில்லை. வளிமண்டலத்தின் மேற்பகுதியை உரசிக்கொண்டு இறங்காமலே செல்லும் எரிகற்களும் உண்டுதான். லியோனிட் ஒன்று அவ்வாறு செல்லச் சிம்மராசி அடிவானத்தை ஒட்டி இருக்க வேண்டும், நீங்கள் பார்த்த நேரத்திலோ அது நன்றாக மேலே ஏறியிருக்கும்.

நட்சத்திரங்கள் தெளிவாக இருந்தமையால் மூடுபனியையும் விட்டுவிடலாம். என் சந்தேகமெல்லாம் இரவிலும் எரியும் அந்தத் தொழிற்சாலை விளக்குகள் மீதுதான். கீழிருந்து எழும் வெளிச்சம் தாழப் பறக்கும் ஆந்தையின் வயிற்றில் பட்டால் இப்படியொரு திட்டுத் தோன்றலாம். கடைக்கண்ணால் பார்த்திருந்தால் அதன் விளிம்பு இன்னும் மழுங்கியிருக்கும்.

லியோனிட் பெரும்பாலும் ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும் என்பதால், திட்டு எத்தனை செக்கன் தெரிந்தது, அதன் பாதையைப் பின்னோக்கி நீட்டினால் சிம்மராசியின் தலைப்பகுதியைத் தொடுகிறதா என்பவற்றை எழுதியனுப்புங்கள். பண்டாரவளையில் யாரேனும் அதே நிமிடத்தில் அதைக் கண்டிருந்தால், ஆந்தை என்ற என் ஊகம் அடிபட்டுப் போகும்.