இந்த மாதத்துக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள், அந்தக் குதிரையை வாங்கலாமா?

கேள்வி: மூன்று வருடமாகக் குதிரையேற்றம் கற்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி நிலையத்துக் குதிரைகளில் ஏறுகிறேன். நடையும் மெல்லோட்டமும் நன்றாக வருகின்றன, பாய்ச்சல் இப்போதுதான் பிடிபடுகிறது. சொந்தமாக ஒரு குதிரை வாங்கச் சிறுகச் சிறுகச் சேர்த்திருக்கிறேன், பெரிய தொகை இல்லை. எட்டு மாதத்தில் பதினொரு குதிரைகளைப் பார்த்துவிட்டேன். நல்லவை எல்லாம் எட்டாத விலை, எட்டுகிற விலையில் இருப்பவை நொண்டி, இல்லையென்றால் முரடு. ஒரு 15 வயதுப் பழுப்புக் குதிரை மட்டும் பரவாயில்லை, ஆனால் வயதாகிவிட்டது, மூக்கில் தழும்பு வேறு. இப்போது 4 வயதுச் சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை ஒன்று அதே விலைக்கு வந்திருக்கிறது. கொஞ்சம் இளைத்திருக்கிறது, ஆனால் அவ்வளவு சாது, கண்ணைப் பார்த்தால் நீங்களே உருகிவிடுவீர்கள். வேறு ஆட்களும் கேட்கிறார்களாம், மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் தரச் சொல்கிறார் உரிமையாளர். கொடுத்துவிடட்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: கொடுக்காதீர்கள். மாதக் கடைசி என்ன, வருடக் கடைசி ஆனாலும் கால்நடை மருத்துவர் பார்க்காமல் ஒரு பைசா கை மாறக் கூடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியைப் படிப்பதற்குள் நீங்கள் போனை எடுத்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம்.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்த வரி, "கொஞ்சம் இளைத்திருக்கிறது, ஆனால் அவ்வளவு சாது" என்பதுதான். அந்த "ஆனால்" அங்கே வரக் கூடாது. இளைத்திருப்பதால்தான் அது சாதுவாக இருக்கலாம். வயிறு நிறையாத குதிரைக்குத் துள்ளத் தெம்பு ஏது? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும், ஏறினால் மெதுவாக நடக்கும், நாம் அதைக் குணம் என்று நினைத்துக்கொள்வோம். நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். 5 வயது, விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தது, யார் கிட்டே போனாலும் அசையாமல் நிற்கும். படிப்படியாகத் தீவனத்தைக் கூட்டினேன் (பட்டினி கிடந்த குதிரைக்கு ஒரேயடியாக அள்ளிப் போட்டால் உயிருக்கே ஆபத்து). முதல் மாதம் ரோமம் மின்ன ஆரம்பித்தது, இரண்டாவது மாதம் கழுத்து திரண்டது, மூன்றாவது மாதம் அங்கவடியில் கால் வைத்ததும் முன்னங்கால் இரண்டையும் தூக்கி நேராக நின்றது. அதன் மேல் தப்பு எதுவும் இல்லை. ஒழுங்காகப் பழக்கப்படாத, பலம் உள்ள இளங்குதிரை, அவ்வளவுதான். பசி அதை மூடி வைத்திருந்தது, அது விற்றவருக்கும் தெரிந்திருந்தது. அனுபவமுள்ள ஒருவரிடம் அதைக் கொடுத்தேன், அங்கே நன்றாகவும் இருந்தது, ஆனால் வண்டியில் ஏற்றி அனுப்பிய அந்தக் காலை இன்னும் எனக்கு ஆறவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு காலை வரக் கூடாது.

சரி, வயதுக்கு வருவோம். 4 வயது என்றால் பால்பற்கள் எல்லாம் விழுந்து முன்பற்கள் முழுதாக வரவே இன்னும் ஒரு வருடம் பாக்கி, முதுகெலும்பு முற்றுவது அதற்கும் பிறகு. அதற்கு இன்னும் எல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும், உங்களுக்கோ பாய்ச்சல் இப்போதுதான் பிடிபடுகிறது. யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது? பயிற்சி நிலையத்துக் குதிரைகள் உங்கள் தவறுகளைப் பொறுத்துக்கொள்வதால்தான் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். இளங்குதிரை உங்கள் தவறையே பாடமாக எடுத்துக்கொள்ளும். நல்ல பயிற்சியாளரை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளப் பணம் இருந்தால் வேறு பேச்சு, அந்தப் பணம் இருந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியே இருக்க மாட்டீர்கள்.

அப்புறம் அந்த நிறம். சாம்பல் குதிரைகள் பிறக்கும்போது அடர்நிறமாகப் பிறந்து வருடா வருடம் வெளுத்துக்கொண்டே போகும். இன்று நீங்கள் பார்த்து உருகும் அந்தப் புள்ளி விழுந்த சாம்பல் சில வருடங்களில் வெள்ளையாகிவிடும். வயதான பிறகு வால் அடியிலும் அதைச் சுற்றியும் கருப்புக் கட்டிகள் வருவதும் இந்த நிறத்துக் குதிரைகளில் மிகச் சாதாரணம். நிறத்துக்காக யாரும் குதிரையை ஒதுக்க வேண்டியதில்லை. நிறத்துக்காக ஒன்றை வாங்கவும் வேண்டாம்.

இப்போது பணத்தைப் பற்றி. எட்டு மாதம் அலைந்தும் கிடைக்காததற்கு உங்கள் தொகை சின்னது என்பது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இளமை, அழகு, பழக்கம், ஆரோக்கியம், நல்ல குணம் ஐந்தும் ஒரே குதிரையில் இருந்தால் அதன் விலை எந்த ஊரிலும் அதிகம்தான். கையில் இருப்பது குறைவென்றால் இந்த ஐந்தில் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும், எதை விடுவது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டுதான் குதிரை பார்க்கக் கிளம்ப வேண்டும். நான் என்றால் இளமையை விடுவேன், அழகை விடுவேன், சாதியை விடுவேன், உயரத்தையும் விடுவேன் (உங்களையும் சேணத்தையும் சேர்த்த எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும்). குணத்தை விடவே மாட்டேன். நீங்கள் வாங்கப்போகிற வேலையைச் செய்யும் அளவுக்கான ஆரோக்கியத்தையும் விட மாட்டேன்.

சேர்த்த தொகை முழுவதையும் குதிரை விலை என்று வைத்துக்கொண்டு தேடுகிறீர்களா? கடிதத்தில் அது தெளிவாக இல்லை, ஆனால் பலரும் செய்வது அதுதான். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு இழுபறி என்கிற கதை குதிரைக்கு இன்னும் பொருந்தும். 400 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 6 முதல் 10 கிலோ வரை உலர்தீவனம் தின்னும், 20 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும், வெயில் நாளில் அதைப் போல இரண்டு மடங்கு. அதன் வயிற்றில் அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருப்பதால் இரண்டு வேளை போட்டுவிட்டுச் சும்மா விட முடியாது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நார்த்தீவனம் வாய்க்குள் போய்க்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும், வருடத்துக்கு ஒருமுறையாவது பல்லைப் பார்த்து ராவ வேண்டும், குடற்புழு மருந்து, தடுப்பூசி, சேணம், எதிர்பாராத வயிற்றுவலிக்கு நடு ராத்திரியில் வரும் மருத்துவர். ஆகவே ஆறு மாதப் பராமரிப்புச் செலவையும் வாங்குமுன் செய்யும் மருத்துவப் பரிசோதனைச் செலவையும் முதலில் எடுத்துத் தனியே வையுங்கள். மிச்சம் இருப்பதுதான் குதிரையின் விலை. தொகை சுருங்கும், தெரியும். ஆனால் சின்னத் தொகையில் வாங்கிய நல்ல குதிரைக்குத் தீவனம் போட முடியும், முழுத் தொகையையும் விழுங்கிய குதிரைக்கு முடியாது.

சும்மா தருகிறேன் என்றும் சிலர் வருவார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள், குதிரை விஷயத்தில் சும்மா வந்ததைத்தான் முதலில் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும். 5 வயதில் முன்பற்கள் முழுமை பெறும். சுமார் 10 வயதில் மேல்வரிசை ஓரப் பல்லில் ஈறோரம் ஒரு பள்ளக்கோடு தெரிய ஆரம்பித்து, 15-ல் பாதிப் பல் வரை இறங்கி, 20-ல் அடிவரை வரும். இது தோராயம்தான், ஆனால் 9 வயது என்று சொல்லப்பட்ட குதிரையின் பல்லில் பாதி வரை கோடு இருந்தால் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடலாம். மேல் முன்பற்களின் விளிம்பு தேய்ந்து சாய்ந்திருந்தால் கட்டையைக் கடித்துக் காற்றை இழுக்கும் பழக்கம் இருக்கலாம். அது ஒன்றும் உலகமகா குற்றம் இல்லை, விலையைக் குறைக்க உதவும், அதனுடன் வாழ்ந்துவிடலாம்.

எந்தக் குதிரையைப் பார்க்கப் போனாலும், சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போய் நில்லுங்கள். மார்பில் கை வையுங்கள், சேணம் போடும் இடத்தில் ரோமம் ஈரமாக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஈரமாக இருந்தால் நீங்கள் வருவதற்குள் ஓடவிட்டுக் களைப்பாக்கி வைத்திருக்கலாம், இன்னொரு நாள் சொல்லாமல் வாருங்கள். வெளியே விட்டிருக்கும் குதிரையைப் பிடித்துவரச் சொல்லுங்கள். சேணத்தை எடுத்து வரும்போது சேணத்தைப் பார்க்காதீர்கள், குதிரையின் காதைப் பாருங்கள். காது பின்னால் மடங்கிப் பிடரியோடு ஒட்டினால், வாரை இறுக்கும்போது திரும்பிப் பல்லைக் காட்டினால், அதற்கு முதுகிலோ வயிற்றிலோ வலி இருக்கலாம், இல்லை சேணமே பொருந்தாமல் இருக்கலாம். நாலு காலையும் நீங்களே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாணை விரலால் வருடிக்கொண்டே போங்கள், கயிறு போல நேராக இருக்க வேண்டும், நடுவில் வில் போல வீங்கியிருந்தால் பழைய காயம். புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிடுங்கள். எலும்போரம் கல் போலக் குளிர்ந்து கிடக்கும் சின்ன முண்டு பெரும்பாலும் தொல்லை தராது, சூடான வீக்கம் தரும். குளம்பில் வளையங்கள் முன்னால் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் விரிந்தும் இருந்தால் லாமினைட்டிஸ் (குளம்புக்குள் வரும், கடும் வலி தரும் அழற்சி நோய்) வந்து போயிருக்க வாய்ப்பு அதிகம், சின்ன பட்ஜெட்டுக்கு அது பெரிய பள்ளம்.

பிறகு கெட்டியான தரையில், தளர்வான கயிற்றில், நேர்கோட்டில் மெல்லோட்டமாக ஓட்டச் சொல்லுங்கள். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். டக், டக், டக் என்று ஒரே அளவில் வர வேண்டும். ஒரு டக் மட்டும் லேசாகக் கேட்டால் கண்ணைத் திறந்து தலையைப் பாருங்கள்: வலிக்கிற முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் உங்கள் கண்ணுக்கே பிடிபட்டுவிடும். ஏறுவது கடைசி, அதுவும் முதலில் உரிமையாளர் ஏற வேண்டும். அவரே ஏறத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

இதெல்லாம் செய்தாலும் மருத்துவர் வேண்டும். விற்பவருக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவராக இல்லாமல் நீங்களே கூட்டிப்போகிறவராக இருக்கட்டும். காலை மடக்கிப் பிடித்து விட்டதும் ஓடவைத்துப் பார்க்கும் சோதனை, கண், ஓட்டத்துக்குப் பிறகு இதயமும் மூச்சும், பெட்டை என்றால் சினையா என்பதும். சினை 11 மாதம், ஒன்றுக்கு இரண்டு கிடைக்கிறது என்று மகிழ்ந்தால் இரண்டுக்கும் தீவனம் போட வேண்டும். ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வலிமருந்தோ மயக்கமருந்தோ கொடுத்து நொண்டலையும் முரட்டுத்தனத்தையும் மறைக்க முடியும். கடைசியில் மருத்துவரிடம் "குதிரை நல்லாயிருக்கா?" என்று கேட்காதீர்கள், எந்தக் குதிரையிலும் ஒரு குறை இருக்கும். "வாரத்தில் நாலைந்து நாள், ஒரு மணி நேரம், நடையும் ஓட்டமும், கொஞ்சம் பாய்ச்சல், இதற்கு இது தாங்குமா?" என்று கேளுங்கள்.

இனி அந்தப் பழுப்புக் குதிரை. எட்டு மாதத் தேடலில் "பரவாயில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பது இது ஒன்றைத்தான், அதையும் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரைகள் 25, 30 வருடம் இருக்கும். 15 வயதில் அது எல்லாவற்றையும் பார்த்திருக்கும், லாரியையும் நாயையும் குடையையும். உங்கள் கால் தவறாகப் பட்டாலும் நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்று யூகித்துக்கொள்ளும். மூட்டு கொஞ்சம் இறுகியிருக்கலாம், தினமும் மெதுவாக நடத்தி உடம்பைச் சூடாக்கிவிட்டு ஓட்டினால் அதற்கே நல்லது. வயதானால் வேலை செய்ய முடியாத நாளும் வரும், அப்போதும் அதற்குத் தீவனம் போட வேண்டும், அந்தக் கணக்கையும் இப்போதே மனதில் வையுங்கள். மூக்குத் தழும்பு எப்படி வந்தது என்று கேளுங்கள். ஏன் விற்கிறார்கள் என்றும் கேளுங்கள், அதற்கு லாடம் அடிப்பவர் யார் என்றும். 6 வாரத்துக்கு ஒருமுறை நாலு காலையும் மடியில் வைத்துக்கொள்கிற அந்த ஆளுக்குத் தெரியாத குணம் அந்தக் குதிரையிடம் இருக்காது. அது விற்றுப்போயிருந்தாலும் லாடம் அடிப்பவர், மருத்துவர், உங்கள் பயிற்சியாளர் மூவரிடமும் சொல்லி வையுங்கள். நல்ல குதிரைகள் விளம்பரத்துக்கு வருமுன்னே வாய்வழியாகக் கைமாறிவிடும்.

அவசரம் வேண்டாம் என்றால், பயிற்சி நிலையத்திலேயே நீங்கள் ஏறும் குதிரை ஒன்றைப் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் உங்கள் பொறுப்பில் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். காலை ஐந்து மணிக்குச் சாணி அள்ளும்போதும் ஆசை குறையாமல் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

நாளைக் காலை அந்தப் பழுப்புக் குதிரைக்காரருக்கு போன் செய்யுங்கள். இருந்தால் இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள், இரண்டாம் முறை பயிற்சியாளரையும் கூட்டிக்கொண்டு. பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், சேணம் வரும்போது அதன் காது எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து.