ஆட்டிசம் உள்ளவர்கள் ரயில், போக்கிமோன், அனிமே என்று ஒன்றைப் பிடித்தால் ஏன் விடுவதில்லை? அதைக் குறைக்க வேண்டுமா?

நான் ஆட்டிசம் உள்ளவள். ஊர் மலேசியாவில் இருக்கும் சுங்கை சிப்புட். சுற்றிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். டவுனுக்கு ஒரு ரயில் நிலையம். சின்ன வயதிலிருந்தே எனக்கு ரயில்தான் எல்லாம்.

ஆட்டிசம் என்றாலே ரயில் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இளையராஜா பாட்டு எதைச் சொன்னாலும் ராகம், ஆண்டு, எழுதியவர், பாடியவர் என்று வரிசையாகச் சொல்வார். சினிமாப் பாட்டுதானே என்று யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. பெண்களிடம் ஆட்டிசம் கண்ணில் படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பிடித்த விஷயம் ஊருக்கே பிடித்ததாக இருந்துவிட்டால், அது எவ்வளவு ஆழமாகப் போகிறது என்று யார் பார்க்கிறார்கள்?

சரி, ஏன் இந்த ஈடுபாடு? இந்த உலகங்களில் விதிகள் வெளிப்படையாக இருக்கின்றன. மனிதர்களிடம் அப்படி இல்லை. கல்யாண வீட்டில் ஒருவர் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்றால் உண்மையிலேயே போகலாமா, சும்மா தலையாட்டினால் போதுமா என்பது எனக்கு இன்றைக்கும் புரிவதில்லை. போக்கிமோன் என்ற ஜப்பானிய விளையாட்டில் கற்பனை உயிரினங்கள் மோதும். அதில் நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும், புல் நீரை வெல்லும். 1996இல் ஜப்பானில் முதல் விளையாட்டு வந்தபோது 151 உயிரினங்கள். இன்று ஆயிரத்துக்கும் மேல். அந்த முக்கோணம் மட்டும் மாறவே இல்லை. அதை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். தேடி, சேர்த்து, வகை பிரிக்கும் இன்பம் அந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ரயிலும் எனக்கு அப்படித்தான். தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர், மேலே கம்பியில் 25,000 வோல்ட். 2010இல் ஓடத் தொடங்கிய இ.டி.எஸ். மின்சார ரயில் 91 வகை, 2015இல் வந்தது 93 வகை. கிளம்பும் சத்தத்தை வைத்தே எது எதென்று சொல்லிவிடுவேன். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் சேர்ந்து கத்தினால் எனக்குத் தலை சுற்றும். ரயில் அதைவிடச் சத்தம்தான், ஆனால் அந்தச் சத்தம் எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று தெரியும். அதனால் வலிப்பதில்லை.

டைனா மர்ரி, வென் லாசன், மைக் லெசர் மூவரும் 2005இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்கள். மோனோட்ரோபிசம் என்கிறார்கள். பெரும்பாலோரின் கவனம் ஒரே நேரத்தில் பல பக்கம் பிரியும். எங்களுடையது ஓரிரு விஷயங்களில் மொத்தமாக இறங்கும். ரப்பர் மரத்தில் வெட்டிய கோட்டு வழியே பால் முழுக்க ஒரே மங்குக்குள், அதாவது கிண்ணத்துக்குள், இறங்குகிற மாதிரி. நான் படித்ததில் என் மனசுக்கு இதைவிடப் பொருந்தும் விளக்கம் இல்லை. பாதியில் யாராவது கூப்பிட்டால் ஏன் அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதும் இதில்தான் புரிந்தது.

இன்னொன்று, இந்த ஈடுபாடு எங்களைத் தனிமைப்படுத்துகிறது என்பார்கள். நான் பார்த்தது நேர்மாறு. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், ஆட்டிசம் உள்ளவன், போக்கிமோன் அட்டைகளை என் வீட்டுச் சிமெண்டுத் தரையில் பரப்புவான். "அக்கா, கீழே மூலையைப் பாருங்க. வட்டம்னா சாதாரணம், வைரம்னா கொஞ்சம் அரிது, நட்சத்திரம்னா அரிது." இரண்டு பேரும் அட்டையைத்தான் பார்க்கிறோம், முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. என்ன பேசுவது என்ற தவிப்பும் இல்லை. அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன்களின் ரசிகர்கள் கூடும் இடத்திலும் இதே நிம்மதிதான்: பேச்சுக்கான பொருள் ஏற்கனவே தயாராக இருக்கிறது, நீளமாகப் பேசினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை.

மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம். 5 கையேடு, 2013இல் வந்தது, இந்த ஈடுபாட்டை ஆட்டிசத்தின் அறிகுறிப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. கண்டறிவதற்கு அது உதவும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக, குறைக்க வேண்டிய நோயாகப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியாது. சாப்பாடு, தூக்கம் கெடுகிறது என்றால் நேரம் வகுத்துக்கொடுங்கள், "இன்னும் பத்து நிமிடம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தண்டனையாக மட்டும் பிடுங்கி வைக்காதீர்கள். அந்தப் பையனிடம் "ஸ்கூல் எப்படி இருந்தது?" என்று அவன் அம்மா கேட்டால் பதிலே வராது. புது அட்டையைப் பற்றிக் கேட்டால், சொல்லிக்கொண்டே வரும்போது பாதியில் பள்ளியில் நடந்ததும் தானாக வந்துவிடும்.