கையை விடாத அந்தப் பிள்ளை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 24 வயது. மானிப்பாயில் இருக்கிறேன். சபை வாலிபர் குழுவோடு கம்போடியாவுக்குக் குறுகிய கால ஊழியத்துக்குப் போய் வந்தேன். டிக்கெட் காசு கனடாவில் இருக்கும் சித்தி தந்தது. புனோம்பென்னுக்கு வெளியே ஒரு பிள்ளைகள் இல்லத்தில் பாட்டும் வேதாகமக் கதைகளும் சொல்லிக்கொடுத்தோம். போன முதல் நாளே ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வெளிக்கிடும்போது என் கையை விடவே இல்லை. திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே எதிலும் மனம் ஒட்டவில்லை. கலியாண வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்தாலே கோபம் வருகிறது. அம்மாவோடு ஒரே சண்டை. இரவில் அந்தப் பிள்ளையின் முகமும், துவோல் ஸ்லெங் சிறையில் பார்த்த படங்களும் மாறி மாறி வருகின்றன. 2009இல் நாங்கள், வன்னிப் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தோம், எனக்கு அப்போது எட்டு வயது. அது பழைய கதை. வரும் ஞாயிறு சபையில் பயண அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம். ‘சந்தோசமான விசயங்களைச் சொல்லு பிள்ளை’ என்கிறார் போதகர். வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய்விடலாமா என்றிருக்கிறது. இது தேவ அழைப்பா, மனக்குழப்பமா?

– மானிப்பாய் வாசகி

அன்புத் தங்கைக்கு,

அழைப்பா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் முகாமைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோனீர்களே, நான் அங்கேதான் நின்றுவிட்டேன். துவோல் ஸ்லெங், 1970களில் கம்போடியாவில் மக்களைக் கொன்று குவித்த கெமர் ரூஜ் ஆட்சி அதைச் சிறையாக்குமுன் ஒரு பள்ளிக்கூடம். வன்னியில் பள்ளிக்கூடங்கள் ஆஸ்பத்திரிகளான காலத்தில் உங்களுக்கு எட்டு வயது. கூட வந்தவர்கள் பார்த்த வகுப்பறையும் நீங்கள் பார்த்த வகுப்பறையும் ஒன்றாக இருந்திருக்காது. ஊருக்குத் திரும்பியபின் எரிச்சலும் வெறுமையும் பலருக்கும் வரும், சில கிழமைகளில் தணியும். உங்களுடையதில் அதற்கு மேலும் ஏதோ கிளறுப்பட்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது அந்தப் பிள்ளை. சின்னப் பிள்ளைகள் புதிய ஆளைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளிவதுதான் வழக்கம். பராமரிப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பலர், யார் வந்தாலும் ஒட்டிக்கொள்வார்கள். ருமேனிய இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். அவள் அன்பு பொய் என்று சொல்லவில்லை; அவள் கேட்டது நிலையாக ஒரு ஆளை. கம்போடிய இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை அங்கே அனுப்புவது வறுமை. குழுக்கள் கொண்டுபோகும் காசும் அந்த இல்லங்கள் நிரம்பியிருக்க ஒரு காரணம் (இதைச் சொன்னால் சில சபையாருக்குப் பிடிக்காது, சரி, இருக்கட்டும்). இன்னொரு குழுவோடு போய்க் கட்டியணைத்துவிட்டு வந்தால், அவளுக்கு இன்னொரு பிரிவு. அவள் பெற்றோர் எங்கே, அவளை வீட்டில் வைத்தே வளர்க்க யாராவது உதவுகிறார்களா என்று இல்லத்தாரிடம் கேளுங்கள். சித்தியின் அடுத்த காசு அதற்குப் போகலாம்.

உண்மையிலேயே அங்கே வாழ ஆசையென்றால், உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பெயர் தந்த அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியரைப் பாருங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர் தமிழ் படித்தார், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தியர்களாக்கினார். இடையில் சில வருசம் ஊர் போய் வந்தாலும் 1873 வரை அதே வேலைதான். நீங்கள் இப்போதே வேலையை விட வேண்டாம். கெமர் மொழி படிக்கத் தொடங்குங்கள். ஒரு வருசம் கழித்தும் படித்துக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், பேசுவோம்.

ஞாயிறு சாட்சியைத் தள்ளிப்போடச் சொல்லிப் போதகரிடம் கேட்கலாம், அதில் குற்றமில்லை. சொல்வதென்றால் கண்டதைச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையின் படத்தைத் திரையில் போடாமல்.

அப்புறம் அம்மா. அவரும் அந்த முகாமில் இருந்தவர். சண்டை கலியாணச் சாப்பாட்டைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் மெனிக் பாம் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். இரவுக் காட்சிகள் இன்னும் சில கிழமை நீடித்தால், யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ மனநல கிளினிக்குக்குப் போங்கள், காசு இல்லை. நேரே போகத் தயக்கமென்றால் முதலில் தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1926க்கு அழைத்துப் பேசலாம்.