மேசை மேல ஓடுற கோச்சி: வாசகர் கேள்வி பதில்

மாடல் ரயில் பத்தி கேள்வி இருந்தா எழுதுங்கன்னு கேட்டிருந்தோம், வந்த கடிதத்துல முக்காவாசி வயரிங் பத்தித்தான். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து பதில் எழுதியிருக்கேன். படம் வரைஞ்சு அனுப்பினவங்களுக்கு தனியா ஒரு நன்றி, படம் இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

கேள்வி (அப்புத்தளை வாசகர்): அண்ணே, ஆறடிக்கு நாலடி பலகையில ஓவல் ஒன்னு போட்டிருக்கேன். கன்ட்ரோலர் இருக்கிற பக்கம் எஞ்சின் நல்லா ஓடுது, அந்தப் பக்கம் போனதும் ஊர்ந்து ஊர்ந்து போகுது, சில நாள் நின்னே போகுது. எஞ்சின் பழுதா?

பதில்: எஞ்சினைக் கழட்டிடாதீங்க தம்பி, அதுல ஒன்னும் இருக்காது. நீங்க எழுதினதைப் பார்த்தா முழு ஓவலுக்கும் ஒரே இடத்துலதான் ரெண்டு வயரு குடுத்திருக்கீங்க, மிச்ச தூரத்துக்கு கரண்ட் தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கிற சின்னத் தகட்டு ஜாயினர் வழியாத்தான் போகணும். அந்த ஜாயினர் தண்டவாளத்தை நேரா பிடிச்சு வைக்கத்தான் நல்லது, கரண்ட் கடத்துறதுக்கு அதை நம்ப முடியாது. புதுசுல சரியா இருக்கும், அப்புறம் உங்க ஊர்ல சாயந்தரமானா ஜன்னல் வழியா மூடுபனி உள்ளயே வந்துடும் இல்லையா, அந்த ஈரம் ஜாயினருக்குள்ள போய் கறுப்பா படிஞ்சு ஒவ்வொரு மூட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா வோல்டேஜைத் தின்னுடும்.

சந்தேகம் இருந்தா மல்டிமீட்டரை டீசி 20 வோல்ட்ல வச்சு அளந்து பாருங்க. ஆனா எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே அளக்கணும், அதுதான் முக்கியம், ஏன்னா எஞ்சின் இல்லாம வெறும் தண்டவாளத்துல அளந்தா எல்லா இடத்துலயும் ஒரே அளவு காட்டி ஏமாத்தும். எஞ்சின் அந்தப் பக்கம் ஓடும்போது இந்தப் பக்கம் 9 வோல்ட்டும் அந்தப் பக்கம் 6 வோல்ட்டும் காட்டினா, மூனு வோல்ட் வழியிலயே தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

இதுக்கு வைத்தியம் பலகைக்கு அடியில ரெண்டு தடிச்ச வயரு ஓட்டுறது. லயத்துக்கு வர்ற பெரிய தண்ணி பைப்புல இருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் சின்ன பைப்பு பிரியுற மாதிரிதான், தடிச்ச வயருல இருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு சின்ன வயரு மேல ஏறணும். வீட்டு வயரிங்குக்கு வாங்குற 1.5 இல்லாட்டி 2.5 சதுர மி.மீ. வயரே தாராளம், மேல ஏறுற சின்ன வயரு 0.5 போதும், ஆனா அதை ஒரு சாணுக்கு மேல நீளமா விடாதீங்க. சுவர் பக்கத் தண்டவாளம் சிவப்பு, உங்க பக்கத் தண்டவாளம் கறுப்புன்னு ஒரு தடவை முடிவு பண்ணிட்டீங்கன்னா கடைசி வரைக்கும் மாத்தக்கூடாது, நடுவுல சிவப்பு வயரு முடிஞ்சு போச்சுன்னு பச்சையை இழுக்காதீங்க, கடைக்குப் போய் சிவப்பே வாங்கிட்டு வாங்க.

சோல்டர் பண்ணும்போது தண்டவாளத்தோட வெளிப்பக்கத்துல பண்ணுங்க. உள்பக்கம் பண்ணினா சில்லோட விளிம்பு அந்த ஈயக்கட்டியில ஏறி பெட்டி குதிக்கும். தண்டவாளத்தை முதல்ல சுரண்டி பளபளப்பாக்கி அதுல கொஞ்சம் ஈயம் பூசிக்கோங்க, வயரு நுனியிலயும் தனியா பூசிக்கோங்க, அப்புறம் ரெண்டையும் ஒட்டவச்சு சூடான அயர்னை ரெண்டு செக்கன் வச்சா சேர்ந்துடும். அயர்ன் சூடு பத்தலன்னா ரொம்ப நேரம் வைக்க வேண்டி வரும், அதுக்குள்ள தண்டவாளத்தைத் தாங்குற பிளாஸ்டிக் கட்டை உருகிடும். எலக்ட்ரோனிக்ஸ் வேலைக்கு விக்கிற, உள்ள ரோசின் இருக்கிற 60/40 ஈயம்தான் வேணும். தகர வேலைக்காரங்க பாவிக்கிற அசிட் பக்கமே போகாதீங்க, வயரு சில மாசத்துல பச்சை புடிச்சு அறுந்துடும்.

தண்டவாளத்தைத் துடைக்க ஐசோபுரோப்பைல் அல்கஹோல் நனைச்ச துணி போதும். சாண்ட் பேப்பர் போட்டா கீறல் விழும், அந்தக் கீறல்ல திரும்பத் திரும்ப அழுக்கு சேரும்.

கேள்வி (பதுளை வாசகர், படத்துடன்): தெமோதரை வளையத்தை அப்படியே செய்யப் பார்க்கிறேன். ஒரு நண்பர், "தண்டவாளம் சுத்தி வந்து தன்னையே வெட்டுது, கட்டாயம் ஷார்ட் ஆகும், ரிவர்ஸ் லூப் வயரிங் போடணும்"னு சொல்றார். இன்னொருத்தர் அதெல்லாம் தேவையில்லன்னு சொல்றார். யார் சொல்றது சரி?

பதில்: வந்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. ரெண்டு பேர் சொல்றதும் உங்க படத்துல வேற வேற இடத்துக்குப் பொருந்துது.

முதல்ல தெமோதரையை எடுத்துக்குவோம். எல்ல பக்கமிருந்து வர்ற கோச்சி தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டி, மலையைச் சுத்தி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில இருக்கிற சுரங்கத்தால நுழைஞ்சு பதுளைக்குப் போகுது. காகிதத்துல கோடு கோட்டை வெட்டுது, நிஜத்துல ஒன்னு மேல, ஒன்னு கீழ, ரெண்டும் தொடவே இல்ல. ஷார்ட் ஆகுமா ஆகாதான்னு பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு. படத்துல ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டும் சிவப்புப் பென்சிலால, மத்ததைக் கறுப்புப் பென்சிலால தொடக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் வரைஞ்சுக்கிட்டே போங்க, சிவப்பு எங்கயாவது கறுப்போட போய்ச் சேர்ந்தா அங்கதான் ஷார்ட். தெமோதரையில அப்படி சேர்றதே இல்ல, அதனால அங்க சாதாரண வயரிங்கே போதும்.

ஆனா உங்க படத்தோட வலது மூலையைப் பாருங்க, பதுளை ஸ்டேஷனைத் தாண்டி ஒரு வட்டம் போட்டு கோச்சி திரும்பி வந்து அதே லைன்ல ஏறுற மாதிரி வரைஞ்சிருக்கீங்க. உங்க நண்பர் பயப்படுறது அந்த இடத்துக்குத்தான் பொருந்தும். வட்டத்தைச் சுத்தி வந்ததும் இடது தண்டவாளம் வலதா மாறி சிவப்பு கறுப்போட சேரும். அந்த வட்டத்தோட ரெண்டு முனையிலயும், ரெண்டு தண்டவாளத்துலயும் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டு முழுசா பிரிச்சுடணும். தண்டவாளத்து வோல்டேஜைக் கூட்டிக் குறைச்சு ஓட்டுற சாதாரண டீசின்னா, வட்டத்துக்கு ஒன்னு, மெயின் லைனுக்கு ஒன்னுன்னு ரெண்டு டீபீடீடீ ஸ்விட்ச் (ரெண்டு வயரையும் இடம் மாத்திப் போடுற ஸ்விட்ச்) வைங்க. கோச்சி முழுசா வட்டத்துக்குள்ள வந்ததும் மெயின் லைன் ஸ்விட்சை மாத்திப் போட்டுட்டா அது நிக்காம வெளிய போகும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நம்பர் குடுத்து ஓட்டுற டிஜிட்டல் முறையான டீசீசீன்னா ஓட்டோ ரிவர்சர்னு ஒரு சின்ன போர்ட் இருக்கு, அது கண் சிமிட்டுறதுக்குள்ள தானே மாத்திடும். எதுவா இருந்தாலும் பிரிச்ச துண்டு உங்ககிட்ட இருக்கிற ஆக நீளமான கோச்சியை விட நீளமா இருக்கணும். கடைசிப் பெட்டியோட இரும்புச் சில்லு ஒரு முனையில, எஞ்சின் மறு முனையில இருந்தா ரெண்டு இடைவெளியையும் ஒரே நேரத்துல இணைச்சுடும்.

என்னைக் கேட்டா அந்த வட்டமே வேணாம். நிஜத்துல பதுளைதான் கடைசி ஸ்டேஷன், 1924ல லைன் அங்க வந்து முடிஞ்சது. எஞ்சினைக் கழட்டி, பக்கத்து லைனால சுத்திக் கொண்டுபோய் மறு பக்கம் மாட்டுவாங்க. நீங்களும் அப்படிச் செஞ்சா வயரிங்கும் லேசு, கையால எஞ்சின் மாத்துற சுகமும் கிடைக்கும்.

சரிவு பத்தியும் கேட்டிருந்தீங்க. மலைநாட்டு லைனோட கடுமையான ஏற்றம் 44க்கு 1. உங்களுக்கு மேல் தண்டவாளத்துக்கும் கீழ் தண்டவாளத்துக்கும் 8 செ.மீ. வித்தியாசம் வேணும், 44க்கு 1ன்னா அதுக்கு 352 செ.மீ. நீளம் தேவை, 56 செ.மீ. ஆரத்துல ஒரு முழு வட்டம் போட்டா கிட்டத்தட்ட அதே நீளம் வருது! நிஜ லைனோட சரிவையே மேசையில கொண்டு வந்துடலாம். இடம் பத்தலன்னு 45 செ.மீ. ஆரத்துக்கு இறங்கினா சரிவு 35க்கு 1 ஆகும், எஞ்சின் இழுக்கும், ஆனா பெட்டிகளைக் குறைக்கணும்.

இன்னும் ஒன்னு, ஸ்டேஷன் சுரங்கத்துக்கு மேல வருது, கோச்சியை வேற லைனுக்குத் திருப்புற பாயிண்ட்ஸோட மோட்டாரும் வயரும் எல்லாம் அங்கதான் குவியும். மலையை ஒட்டி மூடிடாதீங்க, கழட்டி எடுக்கிற மாதிரி செய்யுங்க. சுரங்கத்துக்குள்ள ஒரு பெட்டி கவிழ்ந்தா கை போக வழி வேணும்.

கேள்வி (நாவலப்பிட்டி வாசகி): கனடாவுல இருக்கிற மாமா மகனுக்கு ஒரு ரயில் செட் அனுப்பியிருக்கார். பிளக் முனை வேற மாதிரி இருக்கு, கடையில ஒரு அடாப்டர் வாங்கி மாட்டிடலாமா?

பதில்: தங்கச்சி, தயவுசெஞ்சு இதை வாசிச்சு முடிக்கிற வரைக்கும் மாட்டாதீங்க. கனடாவுல கரண்ட் 120 வோல்ட், நம்ம வீட்டுல 230 வோல்ட். கடையில விக்கிற பின் அடாப்டர் முனையோட வடிவத்தை மட்டும்தான் மாத்தும், வோல்டேஜை மாத்தாது. கன்ட்ரோலருக்கு அடியில ஒட்டியிருக்கிற லேபல்ல இன்புட்னு ஒரு வரி இருக்கும். அதுல 100–240 வோல்ட்னு இருந்தா பயமில்ல, பின் அடாப்டரே போதும். 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்னு மட்டும் இருந்தா நேரா மாட்டின உடனே உள்ள இருக்கிற டிரான்ஸ்போர்மர் கருகிடும், தீப்பிடிக்கவும் கூடும்.

அப்படி இருந்தா அந்தக் கன்ட்ரோலரை எடுத்து வச்சுட்டு, இங்க கிடைக்கிற நல்ல 12 வோல்ட் டீசி அடாப்டர் ஒன்னும், மோட்டார் வேகம் கூட்டிக் குறைக்கிற சின்ன கன்ட்ரோலர் போர்ட் ஒன்னும், முன்னால பின்னால மாத்த ஒரு டீபீடீடீ ஸ்விட்சும் வாங்கிடுங்க. எலக்ட்ரோனிக்ஸ் தெரிஞ்ச யாராவது ஒரு மணி நேரத்துல பொருத்தித் தருவாங்க. ஆனா செட் பெட்டியில டீசீசீன்னு போட்டிருந்தா இந்த வழி சரிவராது, அந்தக் கன்ட்ரோலரைத்தான் பாவிக்கணும், அதனால மாட்டுறதுக்கு முன்னால லேபலைப் படம் எடுத்து அனுப்புங்க. பிள்ளை தொடுற இடத்துல 12 வோல்ட் மட்டும்தான் இருக்கணும், 230 வோல்ட் போற எந்தப் பெட்டியையும் வீட்டுல திறக்கக் கூடாது. இடி மின்னல் நேரத்துல பிளக்கைக் கழட்டி வைக்கவும் சொல்லிக் குடுங்க, நம்ம பக்கம் ஏப்ரல்லயும் ஐப்பசி கார்த்திகையிலயும் பின்னேரத்துல அடிக்கிற இடி உங்களுக்குத் தெரியாததில்ல.

கேள்வி (கொட்டகலை வாசகர்): புதுசா ரெண்டு பாயிண்ட்ஸ் போட்டேன், ஒரு பக்கம் திருப்பினா ஓடுது, மறுபக்கம் திருப்பினா முழு லைனும் செத்துப் போகுது.

பதில்: உங்க பாயிண்ட்ஸ்ல ரெண்டு தண்டவாளம் வெட்டிக்கிற வீ வடிவ இடம், ஃபிராக்னு சொல்றது, முழு உலோகம். பாயிண்ட்ஸ் திரும்பும்போது அதோட கரண்டும் மாறுது, ஆனா அதுக்கு அந்தப் பக்கமிருந்து வேற வயரு வந்து மோதுது. ஃபிராக்ல இருந்து பிரியுற ரெண்டு உள் தண்டவாளத்துலயும் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டு, அதுக்கு அப்பால தனியா வயரு குடுத்தா சரியாகிடும். பாயிண்ட்ஸை கொயில் மோட்டாரால திருப்புறீங்கன்னா பட்டனை சட்டுன்னு தட்டி விடுங்க, அமத்திப் பிடிச்சா கொயில் எரிஞ்சுடும்.

கேள்வி (தலவாக்கலை, பாடசாலை மாணவி): ஸ்டேஷனுக்கு வெள்ளை எல்இடி போட்டேன், 12 வோல்ட் குடுத்ததும் ஒரு தடவை மின்னி அணைஞ்சிடுச்சு.

பதில்: ரெசிஸ்டர் இல்லாம குடுத்திருக்கீங்க மகள். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் கிட்ட போதும், மிச்ச 9 வோல்ட்டை ரெசிஸ்டர் ஏத்துக்கணும். 1 கிலோ ஓம் போட்டா 9 மில்லி அம்பியர் போகும், ஸ்டேஷன் விளக்குக்கு அதுவே பிரகாசம். ராத்திரி ஸ்டேஷன் மாதிரி மங்கலா வேணும்னா 4.7 கிலோ ஓம் போட்டுப் பாருங்க, ரொம்ப அழகா இருக்கும். ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி ரெசிஸ்டர்.

கேள்வி (ஹட்டன் வாசகர்): எங்க பக்கம் நாலஞ்சு பேர் வாட்ஸ்அப்ல சேர்ந்திருக்கோம், ஆனா எப்பப் பார்த்தாலும் டீசியா டீசீசீயான்னு சண்டை, கேள்வி கேட்டா ஆளுக்கொரு பதில். சேர்ந்து ஏதாவது செய்ய வழி இருக்கா?

பதில்: டீசி டீசீசீ சண்டையை முதல்ல முடிச்சுடலாம். டீசியில தண்டவாளத்து வோல்டேஜைக் கூட்டிக் குறைச்சு எஞ்சினை ஓட்டுறோம், டீசீசீயில தண்டவாளத்துல எப்பவும் ஒரே வோல்டேஜ், ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளயும் ஒரு டிகோடர், ஒவ்வொன்னுக்கும் ஒரு நம்பர். ஒரு எஞ்சின், ஒரு ஓவல்னா டீசியே போதும், அதுல வெக்கப்பட ஒன்னுமில்ல. ஒரே லைன்ல ரெண்டு மூனு எஞ்சினைத் தனித்தனியா ஓட்டணும்னா டீசீசீ, காசு கூட. யாரு எத்தனை எஞ்சின் ஓட்டப் போறாங்கன்னு கேட்டாலே பாதி சண்டை நின்னுடும்.

ஆளுக்கொரு பதில் வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் கேள்விதான். "என் கோச்சி ஓடல, உதவி பண்ணுங்க"ன்னு போட்டா எல்லாரும் ஊகிக்கத்தான் முடியும். என்ன அடாப்டர், எத்தனை வோல்ட், எந்த இடத்துல நிக்குது, வேற எஞ்சின் வச்சாலும் நிக்குதா, கடைசியா என்ன மாத்தினீங்க, இதோட கையால வரைஞ்ச ஒரு படம், இவ்வளவும் போட்டா அந்த நாலு பேரும் ஒரே பதிலைச் சொல்வாங்க. பிரச்சினை தீர்ந்ததும் எப்படித் தீர்ந்ததுன்னு எழுதணும், நிறையப் பேர் அதைச் செய்யாம காணாமப் போயிடுறாங்க, அது மத்தவங்களுக்கு செய்ற அநியாயம்.

சேர்ந்து செய்ய அருமையான வழி இருக்கு. ஆளுக்கு ஒரு பலகை, ஒருத்தர் ஹட்டன், ஒருத்தர் கொட்டகலை, ஒருத்தர் தலவாக்கலை, ஒருத்தர் வட்டகொடை, ஒருத்தர் நானுஓயா. வீட்டுல தனியா செஞ்சு, லீவு நாள்ல ஒரு மண்டபத்துல கொண்டு வந்து வரிசையா சேர்த்தா மலைநாட்டு லைனே ஓடும். அமெரிக்காவுல என்-டிராக்னு 1970கள்ல இப்படித்தான் தொடங்கினாங்க, இன்னைக்கு உலகம் பூரா இந்த முறை இருக்கு. ஒரு ஆணி அடிக்கிறதுக்கு முன்னால நீங்க அஞ்சு பேரும் உக்காந்து முடிவு பண்ண வேண்டியது: பலகையோட உயரம், தண்டவாளம் முன் விளிம்புல இருந்து எத்தனை செ.மீ. தள்ளி வரும், எந்த நிறம் எந்தத் தண்டவாளத்துக்கு, எந்த பிளக் எந்தப் பக்கம். அதை ஒரு தாள்ல எழுதி எல்லாரும் ஒரு கொப்பி வச்சுக்கோங்க. முதல்ல ரெண்டு பேரோட பலகையை மட்டும் சேர்த்து, ஒரு காசை ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கால வச்சுப் பாருங்க, பலகையோட எந்த மூலையில வச்சாலும் கன்ட்ரோலர் உடனே கட் ஆகணும். கட் ஆகாத இடத்துல வயரு பத்தல, அங்க இன்னொரு ஜோடி வயரு ஏத்திட்டு அடுத்த பலகைக்குப் போங்க.