36 பேரை வீழ்த்தியும் தோல்வி!

கேள்வி: பேஸ்பாலில் ஒரு பிட்சர் (பந்து வீசுபவர்) 36 பேரை வரிசையாக ஆட்டமிழக்கச் செய்தும் தோற்றுப்போனார் என்று ஒரு துணுக்கில் படித்தேன். இது எப்படி நடக்கும்? அந்த ஆட்டத்தின் ஸ்கோரை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களே, ஏன்?

பதில்: நடந்தது உண்மைதான். 1959 மே 26 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் நேஷனல் லீக் பட்டம் வென்றிருந்த பிரேவ்ஸ் அணிக்கு எதிராக, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் இடக்கை வீச்சாளர் ஹார்வி ஹேடிக்ஸ், சளித் தொல்லையோடுதான் களமிறங்கினார். ஒன்பது இன்னிங்ஸில், இன்னிங்ஸுக்கு மூன்று பேர் வீதம், 27 பேரையும் முதல் பேஸைக்கூட (ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) எட்ட விடாமல் அனுப்பிவிட்டால் அதைப் 'பெர்ஃபெக்ட் கேம்' என்பார்கள். ஹேடிக்ஸ் அதைச் செய்துவிட்டார். ஆனால் அவருடைய அணி ஒரு ரன்கூட எடுக்காததால் ஆட்டம் முடியவில்லை. அவர் மேலும் மூன்று இன்னிங்ஸ் அதே போல வீசினார்.

அவருடைய அணியினர் சும்மா இருந்துவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. எதிரணியின் லூ பர்டெட்டின் பந்துகளில் அவர்கள் 12 ஹிட் (எதிரணியின் தவறால் அல்லாமல், தன் அடியாலேயே பேஸை எட்டும் அடி) அடித்தார்கள். ஆனாலும் ஒருவர்கூட ரன் எடுக்கச் சுற்றி முடிக்க வேண்டிய இடமான ஹோம் பிளேட்டுக்கு வந்து சேரவில்லை. 13 இன்னிங்ஸ் முழுவதும் வீசி, ஒருவருக்குக்கூட இலவசமாக முதல் பேஸைக் கொடுக்காத பர்டெட்டை இந்தக் கதையில் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவருடைய வீச்சும் லேசானதல்ல என்பது என் எண்ணம்.

13-வது இன்னிங்ஸில் ஃபீலிக்ஸ் மன்டில்லா தரையோடு அடித்த பந்தை எடுத்த மூன்றாம் பேஸ் வீரர் டான் ஹோக், முதல் பேஸுக்குத் தவறாக எறிந்தார். 'பெர்ஃபெக்ட்' அங்கே கலைந்தது. எடி மேத்யூஸ் பந்தை மெல்லத் தட்டிவிட்டு, தான் அவுட்டாகி மன்டில்லாவை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். அடுத்து வந்த ஹாங்க் ஆரனை அடிக்கவிட வேண்டாம் என்று வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். அதன் பின் வந்த ஜோ ஆட்காக் பந்தை வேலிக்கு வெளியே அடித்தார். அன்று ஹேடிக்ஸ் கொடுத்த முதல் ஹிட்டும் கடைசி ஹிட்டும் அதுதான்.

ஸ்கோர் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. வேலிக்கு வெளியே போன பந்து ஹோம் ரன்; பேஸில் இருந்த இருவரும் அடித்தவரும் ரன் எடுப்பார்கள் என்பதால் 3-0. ஆனால் மன்டில்லா ஓடி முடித்தால் ஆட்டம் முடிந்தது என்று எண்ணிய ஆரன், இரண்டாம் பேஸைத் தொட்டுவிட்டு மைதானத்தின் குறுக்கே நடையைக் கட்டிவிட்டார். பின்னால் ஓடி வந்த ஆட்காக் அவரைத் தாண்டிப் போனார். முன்னால் ஓடுபவரைத் தாண்டினால் அவுட் என்பது விதி. அம்பயர்கள் 2-0 என்றார்கள். பிறகு லீக் தலைவர் வாரன் கைல்ஸ், ஆட்காக் அடித்தது இரண்டு பேஸ் அடியாகவே கணக்கில் வரும், எனவே மன்டில்லா ஓடிய ஒரு ரன்தான் செல்லும் என்று தீர்ப்பளித்தார். ஆகவே 1-0 என்பதே சரியான ஸ்கோர்.

1991-இல் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ஆட்டம் முடியும்வரை ஹிட் கொடுக்காமல் இருந்தால்தான் 'நோ-ஹிட்டர்' பட்டியலில் இடம் என்று வரையறையை இறுக்கினார்கள். 12 இன்னிங்ஸ் ஒருவரையும் பேஸில் நிற்க விடாத ஹேடிக்ஸின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார்.