பம்ப் ஸ்டவ்வின் வயது என்ன?

கேள்வி: என் மாமனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பித்தளை பம்ப் ஸ்டவ் பரணில் கிடக்கிறது. ‘பிரைமஸ்’ என்று பொறித்திருக்கிறது. பழைய பாத்திரம் வாங்குபவர் எடைக்குக் கேட்கிறார். இன்னொருவர், “நூறு வருஷத்துப் பொருள், நல்ல விலை தருகிறேன்” என்கிறார். வயதை நாமே கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: முடியும் அம்மா. அதுவரை இருவருக்கும் பிடிகொடுக்காதீர்கள்.

மிச்சமிருக்கும் மண்ணெண்ணெயை வடித்துவிட்டு, ஸ்டவ்வைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள். புளி, சாம்பல் எதுவும் வேண்டாம். காரைக்குடியில் என் பழம்பொருள் கடைக்கு வருகிற ஸ்டவ்களில் பாதி, பளபளவென்று தேய்த்தே எழுத்து மழுங்கிப் போனவை.

பிரைமஸ் சுவீடன் சரக்கு. 1892-இல் லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கியது. ஸ்டாக்ஹோமின் பி.ஏ. ஹ்யோர்த் கம்பெனி அதை உலகமெங்கும் விற்றது. அந்தக் கம்பெனியின் பெயர் டேங்கில் இருக்கிறதா பாருங்கள், போலிகளும் ஏராளம். அசலாக இருந்தால், அடியில் ஆங்கில எழுத்து ஒன்று குத்தியிருக்கும். ‘ஏ’ என்றால் 1911, ‘பி’ என்றால் 1912, இப்படியே வரிசையாக. ஒற்றை எழுத்துகள் தீர்ந்ததும் இரட்டை எழுத்துக்குப் போய்விட்டார்கள். உங்களுடையதில் இரட்டை எழுத்து இருந்தால் நூறு வருஷக் கதை செல்லாது. எழுத்தே இல்லையென்றால் 1911-க்கு முந்தையதாக இருக்கலாம், தேய்ந்தும் போயிருக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? அப்படியென்றால் அது 1952-க்கு முந்தையதாக இருக்க வழியே இல்லை.

பர்னரை வைத்து வயது சொல்பவரை நம்பாதீர்கள். பர்னர், நிப்பிள், தோல் வாசர் எல்லாம் அவ்வப்போது மாற்றுகிற சாமான்கள். டேங்க்தான் சாட்சி. பழைய பர்னர் தனியாகக் கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள், விலை கூடும். எரிகிறதா என்று பார்க்கக் காற்றடித்துப் பற்றவைக்கவே கூடாது. டேங்கில் உலோகப் பற்றுவைத்த இணைப்பு விட்டுப்போயிருந்தால் ஆபத்து.

இன்னொன்று. நிஜமாகவே நூறு வருஷம் தாண்டியிருந்தால் அது தொல்பொருளாகக் கருதப்படலாம். 1972-ஆம் வருஷச் சட்டப்படி, தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. சிங்கப்பூரிலிருந்து யாராவது கேட்டால் ஆசைப்பட்டு பார்சல் கட்டிவிடாதீர்கள். நூறு ஆகாததென்றாலும், மத்திய அரசின் தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் அல்ல’ என்று சான்று வாங்கிக்கொண்டு அனுப்புவதே நல்லது.

சரி, அடியில் என்ன எழுத்து என்று பார்த்து எழுதுங்கள். விலையை அப்புறம் பேசலாம்.