ஏபி உலக வரலாற்றுத் தேர்வுக்கு இத்தனை தேதிகளை எப்படி மனப்பாடம் செய்வது?

"மகன் பத்தாவதில் ஏபி உலக வரலாறு எடுத்துவிட்டான், தேதிகளை மனப்பாடம் செய்ய வழி சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள் (ஏபி என்பது அமெரிக்கப் பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடம், கடைசியில் ஒரு பொதுத் தேர்வு). அதுவரை சரி. "கம்ப்யூட்டர் சயின்ஸ் போகப்போகிறவனுக்கு இந்த மனப்பாட சப்ஜெக்ட் எதற்கு" என்று முடித்திருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் எம்.ஏ. வரலாறு. எனக்கு வரன் பார்த்த நாட்களில் பெண் என்ன படித்திருக்கிறாள் என்று யாராவது கேட்டால், என் வீட்டாரே "பி.ஜி. முடிச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

முதலில் தேதி விவகாரத்தை முடித்துவிடுவோம். மனப்பாடம் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1258இல் பாக்தாத் விழுந்ததா 1268இலா என்று இந்தத் தேர்வு கேட்காது. 55 கொள்குறி வினாக்களும் ஏதாவது ஒரு பத்தி, படம், வரைபடம், அட்டவணை இவற்றை வைத்துத்தான் வரும். அதற்கு 40 சதவீதம். மீதி 60 சதவீதம் எழுத்து: சிறுவினாக்கள் 20, கொடுத்திருக்கும் ஆவணங்களை வைத்து எழுதும் ஆவணக் கட்டுரை (பிள்ளைகள் டிபிக்யூ என்பார்கள்) 25, நெடுங்கட்டுரை 15. அவன் கையில் இருக்கவேண்டிய வருடங்கள் பாடத்திட்டத்தின் எல்லைக் கற்கள்தான்: 1200, 1450, 1750, 1900. ஒரு சம்பவம் எந்த இரண்டு கற்களுக்கு நடுவில் விழுகிறது, எதற்கு முன், எதற்குப் பின் என்று தெரிந்தால் பெரும்பாலும் போதும். ஹைட்டி புரட்சி பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் என்பது முக்கியம். அது ஆகஸ்டில் தொடங்கியது என்பது முக்கியமில்லை.

இனி என் கதை. என் மகள் இதே பாடத்தை எடுத்தபோது, எல்லோரும் அனுப்புகிறார்களே என்று ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். கட்டுக் கட்டாக அட்டைகள் கொடுத்தார்கள். ஒரு பக்கம் மாலிப் பேரரசர் மான்சா மூசா, மறுபக்கம் 1324. ஒரு பக்கம் தன்சிமாத் என்ற ஒட்டோமான் சீர்திருத்தம், மறுபக்கம் 1839. சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் அட்டை. எல்லாம் தெரிந்தது அவளுக்கு. ஆனால் கட்டுரையைத் திருத்தித் தரும்போது மட்டும் மார்க் வராது.

ஒரு சனிக்கிழமை, 2019 தேர்வில் வந்த டிபிக்யூவை எழுதிக்கொண்டிருந்தாள். பதினாறாம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடல் வணிகத்தைப் போர்த்துகீசியர் எந்த அளவுக்கு மாற்றினார்கள் என்பது கேள்வி. ஏழு ஆவணங்கள். அவள் முதல் வரி: போர்த்துகீசியர் வணிகத்தை மிகப் பெரிய அளவில் மாற்றினார்கள். அடுத்த பத்தி முழுக்க 1498 கள்ளிக்கோட்டை, 1510 கோவா, 1511 மலாக்கா, 1515 ஹோர்முஸ். வருடங்கள் ஒன்றும் தப்பில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏடனைப் பிடிச்சாங்களா?" என்றேன். செங்கடலின் வாசலில் இருக்கும் துறைமுகம் அது. அட்டையில் இல்லை. 1513இல் முயன்றார்கள், முடியவில்லை என்றேன். "அப்போ செங்கடல் வாசல் திறந்தே இருக்கு. சுமத்ராவில் அச்சே சுல்தான் மிளகு ஏத்தி அந்த வழியா அனுப்புறார். அந்த நூற்றாண்டு நடுவிலயும் அந்தப் பழைய வழியாவே வெனிஸ்ல மிளகு வந்து இறங்குது. மிகப் பெரிய அளவில் மாத்தினாங்கன்னா இது எப்படி?"

கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். "அப்போ மாத்தலையாம்மா?" "மாத்தலைன்னு யார் சொன்னா? கர்தாஸ் என்ன?" அது அட்டையில் இருந்தது: கடலில் போக போர்த்துகீசியரிடம் காசு கொடுத்து வாங்கவேண்டிய அனுமதிச் சீட்டு. இல்லாத கப்பலைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு முன் அந்தக் கடல் முழுவதற்கும் அப்படி ஒரு சீட்டு போட்டவர் யாருமில்லை. சரி, சீட்டை வாங்கிக்கொண்டு வியாபாரம் செய்தது யார்? பழைய குஜராத்தி வியாபாரிகள்தான். போகப்போக போர்த்துகீசியர்களே ஆசியத் துறைமுகங்களுக்கு நடுவில் சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைக்கும் வியாபாரிகளில் ஒருவராகிவிட்டார்கள்.

அவள் முதல் வரியை அடித்துவிட்டு எழுதினாள்: போர்த்துகீசியர் ஆயுதத்தையும் அனுமதிச் சீட்டையும் கொண்டுவந்து கடலில் போகும் விதியை மாற்றினார்கள், ஆனால் யார் எதை யாருக்கு விற்றார்கள் என்பது பெருமளவு பழையபடியே இருந்தது. இதுதான் தேர்வில் கேட்கும் தீசிஸ், அதாவது கட்டுரையின் மைய வாதம். "எந்த அளவுக்கு" என்ற கேள்விக்கு அளவு சொல்லவேண்டும். இதை எழுதிவிட்டால் ஏழு ஆவணங்களும் தாமாகவே இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்காரும்.

ஆவணங்களைப் படிப்பதிலும் பிள்ளைகள் ஒன்றை விட்டுவிடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சுருக்கி எழுதினால் பாதிக் கிணறுதான். யார், யாருக்கு, எதற்காக எழுதினார் என்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு. இப்போதைய முறையில் குறைந்தது இரண்டு ஆவணங்களுக்காவது அதைச் சொல்லவேண்டும். கோவாவிலிருந்து ராஜாவுக்குக் கடிதம் எழுதும் தளபதி, இன்னும் கப்பலும் ஆளும் வேண்டும் என்பவன். எதிரியைப் பெரிதாக்குவான், தன் வெற்றியையும் பெரிதாக்குவான். இதை உங்கள் மகன் புரிந்துகொள்வானா என்று கவலைப்படாதீர்கள். ப்ராஜெக்ட் தள்ளிப்போனதற்கு மேனேஜருக்கு நாம் எழுதும் மெயிலைக் காட்டுங்கள், புரிந்துவிடும்.

அன்று அவள் பின்னணிப் பத்தியில் ஒன்றைச் சேர்த்தாள். அது என் சொத்து, மறைக்கவில்லை. போர்த்துகீசியருக்கு முன் அந்தக் கடல் எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும் அல்லவா? சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டு தேதியிட்டு இலங்கையின் காலியில் நிறுத்திய கல்வெட்டைச் சொன்னேன். ஒரே கல், மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. அந்தத் துறைமுகத்தில் யார் யார் நடமாடினார்கள் என்று காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்? பயிற்சி மையத்தில் அந்தப் பத்தியைச் சிவப்பில் சுழித்து "சிலபஸில் இல்லை" என்று எழுதி அனுப்பினார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. மதிப்பெண் விதியைப் படித்துப் பாருங்கள். பின்னணிக்கும் சரி, ஆவணங்களுக்கு வெளியிலிருந்து தரும் சான்றுக்கும் சரி, குறிப்பானதாக, கேள்விக்குப் பொருத்தமானதாக இருக்கவேண்டும் என்றுதான் இருக்கிறது. பட்டியல் எதுவும் கிடையாது. அடுத்த மாதம் மையத்தை நிறுத்தினோம்.

கடைசியில் அவளுக்கு 5 வந்தது, ஏபியில் அதுதான் உச்ச மதிப்பெண். "ஒரு பிள்ளையை வைத்து எப்படிச் சொல்வீர்கள்", "அது பேப்பர் காலம், இப்போது கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள்" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: தட்டச்சு செய்தாலும் வாதம் வாதம்தான். நான் சான்றிதழ் பெற்ற ஏபி ஆசிரியை அல்ல, அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஏன் அல்ல என்பதையும் சொல்கிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எச்4 விசாவில், அதாவது எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவியாக வந்தவள் நான். வேலை செய்யவே கூடாது. 2015க்கு அப்புறம்தான், அதுவும் கணவரின் கிரீன் கார்டு மனுவில் ஒரு கட்டம் தாண்டியவர்களுக்கு மட்டும், அனுமதி கிடைத்தது. எனக்கு அது வந்தபோது பட்டத்தை மதிப்பிட ஒரு நிறுவனத்துக்குக் காசு, ஆசிரியர் உரிமத்துக்குத் தனிப் படிப்பு என்று ஆரம்பித்தார்கள். இதற்கிடையில் ஊரிலிருந்து போன் செய்பவர்கள் "சும்மாதானே இருக்க, ஏதாவது டெஸ்டிங் கோர்ஸ் படிக்கலாமே" என்பார்கள். சாஃப்ட்வேர் டெஸ்டிங்! சும்மா இருந்த அந்த வருடங்களில் மகளின் தோழிகள் வரிசையாக வந்து என் சாப்பாட்டு மேசையில் டிபிக்யூ எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களில் பலர் இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். கல்லூரியில் கிரெடிட் கிடைக்குமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அந்தந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கடைசியில் அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, ஒரே ஒரு டிபிக்யூவை 60 நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். அதில் 15 நிமிடம் படிக்க. பழைய கேள்விகளும், மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகளும், எதற்கு மார்க் கொடுத்தார்கள் எதற்குக் கொடுக்கவில்லை என்ற குறிப்பும் இந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. முழு மார்க் வாங்கிய விடையை முதலில் படிக்கவிடாதீர்கள், மிரண்டுவிடுவான். குறைந்த மார்க் வாங்கியதை முதலில் கொடுத்து, எங்கே மார்க் போனது என்று குறிப்பைப் பார்க்காமல் அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.